ஹிஜ்ரின் இடிபாடுகள் தரும் படிப்பினை



கீழ்புத்துப்பட்டு, மரக்காணம் உப்பளக் கரையிலிருந்து உம்ராவுக்குப் போகிறவர்கள், மதீனாவுக்கு வடக்கே அல்உலா பாலைவன மேட்டுநிலத்திலுள்ள ஹிஜ்ரையும் பார்த்து வரலாமா என்று கேட்கிறார்கள். மார்க்கம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம்.

ஹிஜ்ர், ஸாலிஹ் நபி (அலை) அவர்களைப் பொய்ப்பித்த ஸமூது கூட்டத்தார் வாழ்ந்த பூமி. திருக்குர்ஆனின் 15ஆவது அத்தியாயம் அதன் பெயரையே தாங்கியிருக்கிறது. பாறையில் குடைந்த 111 பெரிய கல்லறைகளை ஆய்வாளர்கள் அங்கே கணக்கிட்டிருக்கிறார்கள். 2008இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. விமானப் படங்களையும் செயற்கைக்கோள் படங்களையும் கொண்டு அந்த வட்டாரத்தின் மலையும் மணலும் வரைபடமாகின்றன. கைபர் சோலையைச் சுற்றி நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன் 14.5 கிலோமீட்டர் மதில் இருந்ததென்று 2024இல் வெளியிட்டார்கள். இன்று அதில் பாதிகூட மிஞ்சவில்லை!

ஹிஜ்ரின் கல்லறை எழுத்துக்களைப் படித்தவர்கள், அவை ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முந்திய நபத்தியருடையவை என்கிறார்கள். இதைக் கேட்டு ஈமான் கலங்க வேண்டியதில்லை. ஸமூது கூட்டத்தார் மலைகளைக் குடைந்து வீடு கட்டியதைக் குர்ஆன் கூறுகிறது. இன்று நிற்கும் ஒவ்வொரு முகப்பும் அவர்களுடையது என்று அது கூறவில்லை.

சுவர் எங்கே நின்றது என்பதை வரைபடம் காட்டும். ஒரு சமுதாயம் ஏன் அழிந்தது என்பதை வஹீதான் அறிவிக்கும். நம் கரையிலுள்ள ஆலம்பரைக் கோட்டையும் இடிந்துதான் கிடக்கிறது. ஆற்காட்டு நவாப் காலத்துக் கோட்டை. 1760இல் ஆங்கிலேயர் இடித்தது. அங்கே வேதனை இறங்கியது என்று சொல்ல நமக்கு ஆதாரமில்லை. ஆட்சி நிலையாது என்பதே அதில் நமக்குப் பாடம்.

ஹிஜ்ரின் நிலை வேறு. ஹிஜ்ரி 9இல் தபூக் செல்லும் வழியில் பெருமானார் (ஸல்) அவர்கள் அதைக் கடந்தார்கள். அழுதவர்களாகவே தவிர அந்த வசிப்பிடங்களுக்குள் நுழையக் கூடாது என்று தடுத்தார்கள். அங்குள்ள கிணறுகளில் இறைத்த நீரைக் கொட்டிவிடச் சொன்னார்கள். அந்நீரில் பிசைந்த மாவை ஒட்டகங்களுக்குப் போடச் சொன்னார்கள். ஸாலிஹ் நபியின் ஒட்டகம் அருந்திய கிணற்றில் மட்டும் நீர் எடுக்கச் செய்தார்கள். முஃமின்கள் எங்கே நிற்கலாம், எங்கே விலக வேண்டும் என்று அன்றே வரைந்து தந்த வரைபடமல்லவா அது!

ஆகவே, உல்லாசப் பயணமாக அங்கே போவதை விட்டுவிடுங்கள். வழியில் கடக்க நேர்ந்தால் உள்ளம் நடுங்கக் கடந்து செல்லுங்கள். அழிந்தவர்களைக் கண்டு தன்னைத் திருத்திக்கொள்ளும் தௌஃபீக்கை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.