பாதியில் விட்டுப் போகும் பதவி

தென்கொரியாவின் இஞ்சியோன் மாநகரில் கேயாங் என்றொரு வட்டாரம் இருக்கிறது. கிம்போ விமான நிலையத்துக்குப் பக்கம். சியோலுக்கு தினமும் ரயிலேறி வேலைக்குப் போய் வருகிறவர்களின் அடுக்குமாடிக் குடியிருப்புகள் நிறைந்த பகுதி. இந்த வட்டாரத்தின் இரண்டு நாடாளுமன்றத் தொகுதிகளில் ஒன்று கேயாங்-உல். அதன் உறுப்பினர் லீ ஜே-மியோங் 2025 ஜூன் 3 அன்று நாட்டின் அதிபராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். மறுநாளே பதவியேற்றார், தொகுதி காலியானது. அடுத்த ஆண்டு ஜூன் 3ஆம் தேதி உள்ளாட்சித் தேர்தலோடு சேர்த்துத்தான் இடைத்தேர்தல் என்பது சட்டம் வகுத்த கணக்கு. ஆக, ஒரு முழு ஆண்டு அந்த மக்களுக்கு நாடாளுமன்றத்தில் ஆள் கிடையாது.

இதில் சட்டமீறல் எதுவும் இல்லை. ஆனால் சட்டம் அனுமதிப்பது எல்லாம் அறமாகிவிடாது. நான்கு ஆண்டுகளுக்கு என்று மக்களிடம் கேட்டு வாங்கிய பொறுப்பை, அதைவிடப் பெரிய பதவி கண்ணில் பட்டதும் பாதியில் போட்டுவிட்டுப் போவது நம்பிக்கைத் துரோகம். போகிறவர் எவ்வளவு பெரியவர் என்பதும், போகும் இடம் எவ்வளவு உயர்ந்தது என்பதும் இந்தத் தீர்ப்பை மாற்றாது.

கேயாங்-உல் தொகுதியின் வரலாறே இதற்குச் சாட்சி. சோங் யோங்-கில் என்ற அரசியல்வாதி இங்கே ஐந்து முறை வென்றவர். 2000இல் தொகுதி பிரிக்கப்படாதிருந்தபோது முதல் வெற்றி. பிறகு 2004, 2008, 2016, 2020. இவற்றில் இரண்டு முறை அவர் பதவிக்காலத்தை முடிக்கவில்லை. 2010இல் இஞ்சியோன் மேயர் ஆவதற்காக விலகினார், வென்றார். 2022இல் சியோல் மேயர் ஆவதற்காக விலகினார், ஓ சே-ஹூனிடம் சுமார் இருபது சதவீத வித்தியாசத்தில் தோற்றார். இரண்டாவது முறை விட்டுச் சென்ற இடத்துக்கு வந்தவர்தான் லீ ஜே-மியோங். 2022 மார்ச்சில் அதிபர் தேர்தலில் ஒரு சதவீதத்துக்கும் குறைவான வாக்கு வித்தியாசத்தில் தோற்று மூன்று மாதம்கூட ஆகியிருக்கவில்லை. அவர் அரசியல் வளர்ந்தது சோங்னாம் நகரில். அங்கே மேயராகவும், பிறகு கியோங்கி மாகாண ஆளுநராகவும் இருந்தவர். கேயாங்குக்கும் அவருக்கும் அதற்கு முன் சொல்லிக்கொள்ளும்படி ஒட்டுறவு இல்லை. அப்போது அவர்மேல் விசாரணைகள் நடந்துகொண்டிருந்ததால், கைதிலிருந்து உறுப்பினருக்குக் கிடைக்கும் சட்டப் பாதுகாப்பைத் தேடித்தான் வந்தார் என்று எதிரணி குற்றம் சாட்டியது. அந்த வாதத்துக்குள் இங்கே நுழையத் தேவையில்லை. அது உண்மையாக இல்லாவிட்டாலும் நம் கேள்வி அப்படியேதான் நிற்கிறது.

2008 முதல் 2024 வரை ஐந்து பொதுத்தேர்தல்கள். அவற்றில் மூன்று முறை கேயாங்-உல் தேர்ந்தெடுத்த உறுப்பினர் காலத்தை முடிக்காமலே போய்விட்டார். எந்த ஊர் மக்கள் இதைத் தாங்குவார்கள்?

கொரியத் தேர்தல் காலக் காட்சி ஒன்றை நினைத்துப் பார்க்க வேண்டும். விடியற்காலையில் சுரங்க ரயில் நிலைய வாசலில் வேட்பாளர் நிற்கிறார். கட்சி நிறத்தில் மேல்சட்டை, எண்ணும் பெயரும் எழுதிய பட்டை. வேலைக்கு ஓடுகிறவர்கள் ஒவ்வொருவருக்கும் இடுப்பு வளைய வணக்கம் சொல்கிறார். பலர் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. அவர் மறுபடி வளைகிறார். அந்த வணக்கம் ஒரு வேண்டுகோள்: உங்கள் சார்பில் பேசும் உரிமையை எனக்குக் கொடுங்கள் என்று கேட்பது. கேட்டபோது இத்தனை பணிவு. கைவிடும்போது கட்சி அலுவலகத்தில் ஓர் அறிவிப்பு. இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள தூரம்தான் இங்கே நேர்ந்திருக்கும் அறப்பிழையின் அளவு.

2022 இடைத்தேர்தலில் லீயை எதிர்த்து நின்றவர் அதே வட்டாரத்தில் மருத்துவமனை நடத்திய யூன் ஹியோங்-சுன். ஊரோடு உறவு இருபத்தைந்து ஆண்டுகளா, இருபத்தைந்து நாட்களா என்பதுதான் அவரது முழக்கம். அவரும் தன் முகவரியைச் சியோலிலிருந்து கேயாங்குக்கு மாற்றியது அண்மையில்தான் என்பது வெளிவந்து, முழக்கத்தின் வலு குறைந்தது. லீ சுமார் 55 சதவீதம் வாங்கி வென்றார். இரு தரப்பும் தொகுதியைத் தங்கள் ஊராகக் காட்டிக்கொள்ளத் துடித்தன என்பதிலிருந்து ஒன்று புரிகிறது. ஊரோடு இருப்பவரே ஊருக்குப் பேச வேண்டும் என்ற எதிர்பார்ப்பு மக்களிடம் இருக்கிறது, அது அரசியல்வாதிகளுக்கும் தெரியும்.

இது ஒரு கட்சியின் பாவம் அல்ல. 2022 ஜூன் 1 அன்று ஏழு தொகுதிகளில் இடைத்தேர்தல் நடந்தது. ஏழும் காலியான காரணம் ஒன்றே: உறுப்பினர்கள் மேயராகவோ ஆளுநராகவோ ஆக விரும்பி விலகினார்கள். நால்வர் ஒரு கட்சி, மூவர் மறு கட்சி. யாரும் இறக்கவில்லை, யாரும் தண்டனை பெறவில்லை. அந்த நால்வரில் ஒருவர் ஹோங் ஜூன்-பியோ. டேகுவின் சுசோங்-உல் தொகுதியை விட்டு டேகு மேயரானார். 2025 ஏப்ரலில் மேயர் பதவியையும் விட்டு அதிபர் வேட்பாளர் தேர்வுக்குப் போனார், அதில் தோற்றார். அவருடைய 2017ஆம் ஆண்டுச் செயல் இன்னும் கொடியது. தென் கியோங்சாங் ஆளுநராக இருந்தவர், அதிபர் தேர்தலில் நிற்பதற்காகக் கெடு முடியும் நாளில், நள்ளிரவுக்குச் சில நிமிடங்களுக்கு முன் விலகல் கடிதம் கொடுத்தார். அந்த நேரக் கணக்கால் இடைத்தேர்தலே நடக்கவில்லை. ஒரு மாகாணம் ஓராண்டுக்கு மேல் தேர்ந்தெடுக்கப்பட்ட ஆளுநர் இல்லாமல் இருந்தது. இடைத்தேர்தல் செலவு வீண் என்பது அவர் சொன்ன காரணம். மக்களின் வாக்குரிமையைப் பணக்கணக்கில் எழுதியதை எந்த அறநூலும் மன்னிக்காது.

கொரியர்களுக்கு இதைச் சொல்லித்தர வெளியார் தேவையில்லை. அவர்களுடைய சொந்த மேதை ஜோங் யாக்-யோங் காங்ஜினில் நாடுகடத்தப்பட்டிருந்த ஆண்டுகளின் முடிவில், 1818இல், ஊர் அதிகாரிகளுக்கான பெருநூலான மோங்மின்சிம்சோவை எழுதினார். பன்னிரண்டு பகுதிகள், ஒவ்வொன்றிலும் ஆறு பிரிவுகள். முதல் பகுதி பதவி ஏற்பது பற்றி, கடைசிப் பகுதி பதவியை விட்டு நீங்குவது பற்றி. மக்களை ஆளும் பொறுப்பை ஒருவன் தானாகத் தேடி அலையக் கூடாது என்ற கண்டிப்போடுதான் நூல் தொடங்குகிறது. எப்படி வருவது என்பதற்குக் கொடுத்த கவனத்தை எப்படிப் போவது என்பதற்கும் அவர் கொடுத்தார். இன்றைய கட்சிகள் முதல் பகுதியையும் மறந்தன, கடைசிப் பகுதியையும் மறந்தன.

அவருக்கும் ஆசான்கள் உண்டு. சீன ஞானி மென்சியஸ் பிங்லு ஊர் அதிகாரியிடம் ஒரு கேள்வி கேட்டார். பிறருடைய ஆடுமாடுகளை மேய்க்கப் பொறுப்பேற்றவனுக்கு மேய்ச்சலும் தீவனமும் கிடைக்கவில்லை என்றால், உரியவனிடம் திருப்பிக் கொடுப்பானா, சாகட்டும் என்று பார்த்துக்கொண்டு நிற்பானா? தவறு தன்னுடையதே என்று அதிகாரி ஒப்புக்கொண்டார். பெரிய மந்தை கிடைத்தது என்று இந்த மந்தையை நடுக்காட்டில் விட்டுப் போகும் மூன்றாவது வழி மென்சியஸின் எண்ணத்தில்கூட எழவில்லை. படையையும் உணவையும்கூட இழக்கலாம், மக்களின் நம்பிக்கையை இழந்தால் அரசு நில்லாது என்று கன்பூசியஸ் தம் மாணவர் சிகோங்குக்குச் சொன்னதும் இதே நெறிதான்.

நம் அறநூல்களும் வேறு சொல்லவில்லை. ஆள்பவன் எளிதில் காணக் கிடைப்பவனாக இருக்க வேண்டும் என்பது திருக்குறள் இறைமாட்சி அதிகாரத்தில் வைத்த இலக்கணம். காலியான இருக்கையை யார் காண முடியும்? கம்பனின் பரதன் நந்தியம்பதியில் பதினான்கு ஆண்டுகள் பாதுகைகளை வைத்து ஆண்டான். அது அவன் விரும்பிய பதவி அல்ல. ஆனாலும் ஒரு நாள்கூட அதை விட்டு அகலவில்லை. குறித்த நாள் கடந்ததும் தீயில் இறங்கத் துணிந்தான். ஏற்ற பொறுப்பின் கெடு அவனுக்கு உயிரைவிடப் பெரிதாக இருந்தது.

மறுதரப்புக்கும் ஒரு நியாயம் உண்டு. நாடாளுமன்ற உறுப்பினர் நாட்டு நலனை முன்வைத்துச் செயல்பட வேண்டும் என்கிறது கொரிய அரசியலமைப்பின் 46ஆம் பிரிவு. 2024 டிசம்பர் 3 இரவில் அப்போதைய அதிபர் யூன் சுக்-யோல் ராணுவச் சட்டத்தை அறிவித்தபோது, வேலி ஏறிக் குதித்து மன்றத்துக்குள் போனவர்களில் கேயாங்-உல் உறுப்பினரும் ஒருவர். உள்ளே கூடிய 190 பேரும் ஒருமனதாக வாக்களித்து அந்தச் சட்டத்தை நீக்கக் கோரினார்கள். அந்த இரவுக்கு நாடு கடன்பட்டிருக்கிறது. யூன் நீக்கப்பட்டதும் தேர்தல் எதிர்பாராத நாளில் வந்ததும் உண்மை.

ஆனால் லீ 2024 ஏப்ரலில் வோன் ஹீ-ரியோங்கைத் தோற்கடித்து, 54 சதவீத வாக்கோடு பெற்ற பதவிக்காலம் 2028 மே வரை நீண்டது. அடுத்த அதிபர் தேர்தல் வழக்கப்படி 2027 மார்ச்சில் வர வேண்டியது. அதில் அவர் நிற்பார் என்று நாட்டில் அறியாதவர் இல்லை. கொடுக்க முடியாத நான்கு ஆண்டுகளைக் கொடுப்பதாகச் சொல்லித்தான் வாக்குக் கேட்கப்பட்டது. ராணுவச் சட்டம் வந்திராவிட்டாலும் அந்த இருக்கை பாதியில் காலியாகியிருக்கும். அவர் அதிபரானதோடு இந்தச் சங்கிலி நிற்கவும் இல்லை: அதிபரின் தலைமைச் செயலராகப் போனவரால் ஆசான்-உல் தொகுதியும் அதே நேரத்தில் காலியானது. மக்கள்தானே திரும்பத் திரும்ப வாக்களிக்கிறார்கள் என்று சொல்வதும் பொருந்தாது. 2010இல் சோங் விட்டுப் போன இடத்தில் கேயாங்-உல் மக்கள் எதிர்த்தரப்பின் லீ சாங்-க்வோனைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்தப் பதிலைச் சோங்கின் கட்சி காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

விட்டுச் செல்வதிலும் அறம் உண்டு என்பதற்குச் சியோலின் ஜோங்னோ தொகுதி எடுத்துக்காட்டு. 1996இல் அங்கே வென்ற லீ மியோங்-பாக், தேர்தல் செலவு வழக்குக்கு நடுவில் 1998இல் விலகினார். அந்த இடைத்தேர்தலில் வென்றவர் ரோ மூ-ஹியூன். மீதிக் காலம் முழுவதும் உறுப்பினராக இருந்தார். 2000இல் அதே தொகுதியில் நின்றால் வெற்றி எளிது என்ற நிலையில், வட்டார வெறியை எதிர்க்க பூசானுக்குப் போய் நின்று தோற்றார். அவர் யாரிடமிருந்தும் எதையும் பறிக்கவில்லை. காலம் முடிந்த பிறகு போனார், இழப்பைத் தானே சுமந்தார். 2002இல் அதே மனிதரை நாடு அதிபராக்கியது.

வழி கடினமானதல்ல. உறுப்பினர் தன் விருப்பத்தால் பாதியில் விலகினால், அந்த இடைத்தேர்தலில் அவருடைய கட்சி வேட்பாளரை நிறுத்தக் கூடாது. கொரியக் கட்சிகள் இதைத் தங்கள் விதிமுறையில் எழுதிவைக்க வேண்டும். ஒரு முறை இது நடந்தும் இருக்கிறது. 2021 செப்டம்பரில் லீ நாக்-யோன் அதிபர் வேட்பாளர் போட்டிக்காக ஜோங்னோவை விட்டு விலகினார். பொறுப்பேற்றுக்கொள்வதாகச் சொல்லி அவருடைய ஜனநாயகக் கட்சி 2022 மார்ச் இடைத்தேர்தலில் அங்கே வேட்பாளரை நிறுத்தவில்லை. எதிர்த்தரப்பின் சோய் ஜே-ஹியோங் வென்றார். 2024 பொதுத்தேர்தலில் ஜோங்னோ மக்கள் ஜனநாயகக் கட்சியின் குவாக் சாங்-ஓனைத் தேர்ந்தெடுத்து, தொகுதியை அதே கட்சியிடம் திருப்பிக் கொடுத்தார்கள்.