பிழையும் பொய்யும்

மேனிலைப் பள்ளியில் இயற்பியல் பயிலும் மாணவர் ஈராண்டுகளில் எவற்றையெல்லாம் கற்றுக்கொள்கின்றனர் என்று கேட்டால், பாடநூலின் பொருளடக்கத்தை எடுத்து நீட்டிவிடலாம். பதினொன்றாம் வகுப்பில் இயக்கம், விசை, ஈர்ப்பு, வெப்பம், அலைகள். பன்னிரண்டாம் வகுப்பில் மின்னியல், காந்தவியல், ஒளியியல், அணுவின் உட்கூறு, குறைகடத்திகள். இது பாடத்திட்டம் சொல்லும் விடை. பாடத்திட்டம் சொல்லாத ஒன்றையும் அவர்கள் கற்றுக்கொண்டே வெளியேறுகின்றனர். ஓர் உண்மையைச் சொல்பவன் அதைத் தான் எவ்வாறு அறிந்தான் என்பதையும் உள்ளபடி சொல்லக் கடமைப்பட்டவனா? விடை சரியாக இருந்துவிட்டால், வழி எதுவாயினும் பாதகமில்லையா? இவ்வினாவுக்குப் பதினாறு, பதினேழு வயதில் அவர்களுக்குக் கிடைக்கும் பதில் பெரும்பாலும் ஆய்வகத்திலேயே கிடைக்கிறது. அதைப் பற்றியே ஈண்டுச் சிந்திக்க விழைகிறேன்.

பதினொன்றாம் வகுப்புப் பாடநூலின் முதல் அலகு அளவீட்டைப் பற்றியது. அதில் பிழைகளுக்கென்றே ஒரு பகுதி உண்டு. கருவியின் குறையாலும் அளப்பவரின் பழக்கத்தாலும் எப்போதும் ஒரே பக்கமாகச் சாய்ந்து நிற்பவை முறையான பிழைகள். எப்பக்கம் சாயும் என்று சொல்ல இயலாதவை ஒழுங்கற்ற பிழைகள். கவனக்குறைவால் நேர்பவை மொத்தப் பிழைகள். வெர்னியர் அளவியின் தாடைகளை ஒன்றுசேர்த்த பின்னரும் அதன் சுழிக்கோடுகள் ஒன்றோடொன்று பொருந்தாவிடில் அது சுழிப்பிழை. அளக்கத் தொடங்குமுன் அதைக் குறித்துக்கொண்டு இறுதியில் கழிக்க வேண்டும். கண்ணை நேராக வைக்காமல் சாய்த்துப் பார்த்தால் இடமாறு தோற்றப் பிழை. எத்துணை முயன்றாலும் கருவியின் மீச்சிற்றளவுக்கு உட்பட்டதை நாம் அறிய இயலாது. ஆகவே இறுதி விடையை எழுதும்போது, இத்தனை கூட்டல் அல்லது கழித்தல் இத்தனை என்று எழுத வேண்டும்.

குருமடத்தில் அறநெறி இறையியல் பயின்றவன் என்ற முறையில் சொல்கிறேன்: அந்தச் சில பக்கங்கள் நல்லதோர் ஆன்ம சோதனை. தன் கருவியின் கோணலை முன்னதாகவே ஒப்புக்கொள்வது, தன் கண்ணின் சாய்வைச் சந்தேகிப்பது, அறிந்ததன் எல்லையைக் கூறி அதற்கப்பால் பேசாதிருப்பது ஆகியவற்றை நாங்கள் மேடையிலிருந்து எத்தனையோ ஞாயிறுகளில் சொல்லிப் பார்த்திருக்கிறோம். இயற்பியலோ அவற்றைக் கணக்காகவே செய்யச் சொல்கிறது. நம் மொழியில் பிழை என்ற சொல் குற்றத்தையும் குறிக்கும், தவறிய கணக்கையும் குறிக்கும். ஆனால் பாடநூல் பேசும் பிழையில் வெட்கப்பட ஏதுமில்லை. அளக்கின்ற எவருக்கும் அது உண்டு.

இனி, ஆய்வகத்துக்குள் செல்வோம். தனி ஊசல் ஆய்வு பலருக்கும் நினைவிருக்கும். நூலில் ஒரு குண்டைக் கட்டித் தொங்கவிட்டு, அது இருபது முறை அலைவதற்கு ஆகும் நேரத்தை நிறுத்துக் கடிகாரத்தால் அளந்து, புவியீர்ப்பு முடுக்கத்தைக் கணக்கிட வேண்டும். விடை 9.8 என்பது ஒன்பதாம் வகுப்பிலிருந்தே தெரியும். ஊசலின் நீளம் ஒரு மீட்டர் எனில், அந்த விடை வருவதற்கு இருபது அலைவுகள் ஏறத்தாழ 40.1 நொடியில் முடிய வேண்டும். மாணவனின் விரல் அரை நொடி பிந்தினால் 40.6 ஆகிவிடும், விடையோ 9.58 ஆகக் குறைந்துவிடும். அரை நொடி முந்தினால் 39.6, விடை பத்தைத் தாண்டிவிடும். நேரத்தை வாய்பாட்டில் இருமடியாக்குவதால் சிறு பிழையும் இரட்டிப்பாகிறது. ஆக, 9.58 என்று எழுதுகிற மாணவன் எக்குற்றமும் செய்யவில்லை. மனித விரலுக்கு இயல்பான தாமதம் அவன் ஏட்டில் பதிவாகியிருக்கிறது, அவ்வளவே.

நடைமுறை என்ன? எங்கள் பங்குக் கோவிலின் திண்ணையில் மாலை வேளையில் மாணவர் சிலர் அமர்ந்து படிப்பதுண்டு. ஒருமுறை ஒருவன் ரெக்கார்டு நோட்டில் ஊசல் ஆய்வின் அட்டவணையை நிரப்பிக்கொண்டிருந்தான். பக்கத்தில் ஊசலும் இல்லை, கடிகாரமும் இல்லை. "தம்பி, இந்த எண்களெல்லாம் எங்கிருந்து வருகின்றன?" என்றேன். "கீழேயிருந்து மேலே போகணும் சாமி" என்று அவன் எளிமையாகவே விளக்கினான். 9.8 என்பதை முதலில் எழுதிக்கொள்ள வேண்டும். எண்பது சென்டிமீட்டருக்கு இருபது அலைவுகள் எவ்வளவு என்று வாய்பாட்டைத் திருப்பிப் போட்டால் 35.9 வரும். பார்வைக்கு உண்மைபோல் இருக்கட்டும் என்று ஒரு வரியில் 35.8, மறுவரியில் 36.0 என்று சற்றே கலைத்துவிட வேண்டும். இந்தக் கலைத்தல் என்னைத் திகைக்க வைத்தது. பிழை இல்லாத அளவீடு நம்பத்தக்கதன்று என்பதைச் சிறுவன் அறிந்திருக்கிறான். அதனால் பிழையையும் செய்தே வைக்கிறான். முதல் அலகை அவன் நன்றாகவே புரிந்துகொண்டிருக்கிறான்!

இது பொய்யா? இங்கேதான் சிந்தனை சற்றுக் கடினமாகிறது. அவன் எழுதிய விடை உண்மை. புவியீர்ப்பு முடுக்கம் ஏறத்தாழ 9.8 தான், உலகமே ஒப்புக்கொண்ட எண் அது. பொய்யைப் பற்றி 395-ஆம் ஆண்டளவில் தனி நூலொன்று எழுதிய தூய அகுஸ்தீன் இத்தகைய முடிச்சை அவிழ்த்துக் காட்டியிருக்கிறார். தவறானதை உண்மையென நம்பிச் சொல்பவன் பிழைபட்டவனே தவிரப் பொய்யன் அல்லன்; தன் உள்ளத்தில் இருப்பதற்கு மாறானதைச் சொல்பவனோ, சொன்னது தற்செயலாக உண்மையாக அமைந்தாலும் பொய்யனே என்பது அவர் கருத்து. பொய்யின் இருப்பிடம் சொல்லப்பட்ட பொருளில் இல்லை, சொல்பவனின் இரட்டை உள்ளத்தில் இருக்கிறது. இவ்வாறு நோக்கினால், 9.58 என்று எழுதியவன் பிழைபட்டான், பொய் சொல்லவில்லை. 9.8 என்று எழுதியவன் பிழைபடவில்லை, பொய் சொன்னான். ஏனெனில் ரெக்கார்டு நோட்டின் அட்டவணை புவியைப் பற்றிய கூற்று அன்று. "நான் அளந்தேன், எனக்கு இவ்வளவு கிடைத்தது" என்னும் சாட்சியம் அது. உண்மை, வாய்மை என்று தமிழில் இரு சொற்கள் இருப்பது இவ்விடத்தில் பெரிதும் பயன்படுகிறது. அவன் ஏட்டில் உண்மை இருக்கிறது, வாய்மை இல்லை.

இதனால் யாருக்கு என்ன தீங்கு என்று ஆசிரிய நண்பர் ஒருவர் என்னிடம் வாதாடினார். துணைக்கு வள்ளுவரையும் அழைத்தார்: தீங்கு பயக்காத சொல்லே வாய்மை என்பதும், குற்றமற்ற நன்மை விளையுமாயின் பொய்மையும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்பதும் அவர் எடுத்துக்காட்டிய நெறிகள். மதிப்புக்குரிய வாதம்தான். ஆனால் வள்ளுவர் கேட்பது குற்றமற்ற நன்மை. ஒரே மேசையில் இருவர் ஆய்வு செய்கின்றனர். ஒருத்தி அளந்ததை எழுதினாள்; மற்றவள் வேண்டியதை எழுதினாள். எழுத்துத் தேர்வுக்கு 70, செய்முறைக்கும் அகமதிப்பீட்டுக்குமாக 30 என்று பிரிக்கப்பட்ட மதிப்பெண்ணில், விடையின் நெருக்கத்தைப் பார்த்துப் புறத்தேர்வர் மதிப்பெண் இடுவாரேயானால், இரண்டாமவள் பெற்ற ஒவ்வொரு மதிப்பெண்ணும் முதலாமவளின் நேர்மைக்கு விதிக்கப்பட்ட தண்டனை ஆகிறது. அந்த நன்மை குற்றமற்றதாகாது.

நண்பரின் மற்றொரு வாதத்தை நான் இவ்வளவு எளிதாகத் தள்ளிவிட மாட்டேன். தேய்ந்த திருகு அளவி, துருப்பிடித்த இணைப்புகள், ஐம்பது பேருக்கு நான்கு நிறமாலைமானி என்ற நிலையில் உள்ள பள்ளியின் பிள்ளையிடம், "நீ கண்டதையே எழுது" என்று சொல்வது யாருக்குச் சுமை? வசதியுள்ள பள்ளியில் நேர்மைக்கு விலை குறைவு. ஏழைப் பள்ளியில் அதற்கு விலை அதிகம். அந்த விலையைப் பதினேழு வயதுப் பெண்ணின் தலையில் ஏற்றிவிட்டு நாம் ஒழுக்கம் பேசுவது அறமாகாது. திண்ணையில் இருந்த அந்தச் சிறுவனை நான் கடிந்துகொள்ளவில்லை. அவனுக்கு அவ்வாறே கற்பிக்கப்பட்டிருந்தது. குற்றத்தின் பெரும்பகுதி மேலே உள்ளவர்களுடையது. இருப்பினும், கற்பிக்கப்பட்டது என்ன என்பதை நாம் அறிந்திருக்க வேண்டும். விடை முதலில், விசாரணை பின்னர் என்பதே அது. இந்த முறையை ஆய்வகத்தில் பழகியவர் நாளை காவல் நிலையத்திலோ, தணிக்கை அலுவலகத்திலோ, மருத்துவக் கூடத்திலோ அமரும்போது அதை மறந்துவிடுவார் என்று நம்ப எனக்குத் துணிவில்லை.

அறிவியலாளர்களே இதற்கு விலக்கல்லர் என்பதற்குப் பன்னிரண்டாம் வகுப்புப் பாடநூலிலேயே ஒரு சான்று கிடக்கிறது. மில்லிகனின் எண்ணெய்த் துளி ஆய்வைப் படிக்காத மாணவர் இல்லை. மின்தட்டுகளுக்கிடையே நுண்துளியை மிதக்கவிட்டு எலக்ட்ரானின் மின்னூட்டத்தைக் கண்டறிந்த அரிய ஆய்வு அது. 1923-இல் நோபல் பரிசு பெறக் காரணமாயிற்று. பாடநூல் சொல்லாதது இது: 1913-இல் வெளியிட்ட கட்டுரையில் அவர் 58 துளிகளின் கணக்கைத் தந்து, இவை தேர்ந்தெடுக்கப்பட்டவை அல்ல, அளந்தவை அனைத்தும் இவையே என்று எழுதினார். 1978-இல் ஜெரால்டு ஹோல்ட்டன் அவருடைய ஆய்வேடுகளை ஆராய்ந்து வெளியிட்டபோது, அவர் நோக்கிய துளிகள் நூற்றுக்கும் மேற்பட்டவை என்று தெரியவந்தது. விலக்கியவற்றுள் பலவற்றுக்குத் தக்க காரணம் இருந்தது. அவற்றைச் சேர்த்தாலும் விடை அதிகம் மாறாது என்றும் பின்னர் ஆராய்ந்தோர் கூறியுள்ளனர். ஆயின், "அனைத்தும் இவையே" என்ற ஒரு வாக்கியம் அங்கே இருந்திருக்க வேண்டியதில்லை. பெரிய மனிதரின் பெரிய ஆய்வில் அந்த வாக்கியம் மட்டும் திண்ணையில் எழுதப்பட்டதுபோல் இருக்கிறது.

அதைவிட நுட்பமானது பின்னால் நடந்தது. காற்றின் பாகுநிலைக்கு அவர் கொண்ட மதிப்பு சற்றுத் தவறானது. அதனால் அவர் கண்ட மின்னூட்டம் உண்மை மதிப்பைவிட ஏறத்தாழ நூற்றுக்கு 0.6 பங்கு குறைந்திருந்தது. அவருக்குப் பின் அளந்தோர் உடனே சரியான மதிப்பை அடையவில்லை. சிறிது சிறிதாகவே ஏறிச் சென்றனர். 1974-இல் மாணவர்களிடையே உரையாற்றிய ரிச்சர்டு ஃபைன்மன் இதற்குக் காரணம் கூறினார். தம் விடை மில்லிகனின் விடைக்கு மிகவும் மேலே போனால் தவறு எங்கே என்று அவர்கள் தேடினர். நெருங்கி வந்தால் அவ்வளவாகத் தேடவில்லை. அவர்களுள் எவரும் பொய் சொல்லவில்லை. விரும்பிய விடைக்கு ஒரு துலாக்கோலும் விரும்பாத விடைக்கு வேறொரு துலாக்கோலும் வைத்திருந்தனர், அவ்வளவே. நம் அன்றாடத் தீர்ப்புகளில் பாதி இவ்வாறுதான் நடைபெறுகின்றன.

இதற்கு நேர்மாறான சான்றும் பாடநூலிலேயே உண்டு. கெப்ளரின் மூன்று விதிகளை மாணவர் மனப்பாடம் செய்கின்றனர். அவற்றுக்கு அவர் கொடுத்த விலையை எவரும் சொல்வதில்லை. இறையியல் பயின்று குருப்பணிக்குச் செல்ல எண்ணியிருந்த கெப்ளர், சூழ்நிலையால் கணித ஆசிரியர் ஆனவர். 1601-இல் இறந்த டைக்கோ பிராகி, தொலைநோக்கி இல்லாத காலத்தில் வெறுங்கண்ணால் அளந்து வைத்த செவ்வாயின் இருப்பிடங்களைக் கொண்டு அதன் பாதையைக் காண அவர் ஆண்டுக்கணக்கில் உழைத்தார். வட்டப் பாதையை அடிப்படையாகக் கொண்ட அழகிய அமைப்பொன்று ஏறக்குறைய முற்றிலும் பொருந்திவிட்டது. ஓரிடத்தில் மட்டும் எட்டுக் கலை வேறுபாடு. கலை என்பது ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு; எட்டுக் கலை என்றால் வானத்து முழுநிலவின் அகலத்தில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு. 35.9 என்பதை 36.0 ஆக்குகிற கைக்கு அது ஒரு பொருட்டா? டைக்கோ அவ்வளவு தவறாக அளந்திருக்க மாட்டார் என்று நம்பிய கெப்ளர் தம் அமைப்பைக் கைவிட்டார். ஈராயிரம் ஆண்டுகளாகப் புனிதமெனக் கருதப்பட்ட வட்டம் போயிற்று, நீள்வட்டம் வந்தது. 1609-இல் வெளியான அவருடைய நூலில் இவ்வரலாற்றை, தோல்விகளையும் மறைக்காமல், அவரே விரிவாக எழுதி வைத்திருக்கிறார். அவ்வகையில் அது உலகின் மிகச் சிறந்த ரெக்கார்டு நோட்டு.

ஆய்வகத்தை இவ்வழியில் திருப்ப பெரும் பணம் தேவையில்லை என்பது என் எண்ணம். விடைக்கு மதிப்பெண் தராமல், அளவீட்டுக்கும் பிழையை ஆராய்ந்ததற்கும் தரலாம். 9.58 எழுதியவள், "என் விரல் பிந்தியிருக்கலாம், அரை நொடிப் பிழையே இந்த வேறுபாட்டை விளக்கப் போதுமானது" என்று எழுதினால், அவள் அந்த ஆய்வை முழுவதுமாகச் செய்துவிட்டாள் என்றே கொள்ள வேண்டும். விடை முன்னதாகத் தெரியாத ஆய்வுகளைக் கொடுப்பது அதனினும் சிறந்தது. தெரியாத விடைக்கு எவரும் கீழேயிருந்து மேலே போக இயலாது.

ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர் ஒருவர் தம் வகுப்பில் இதைச் செய்து பார்த்ததாக என்னிடம் கூறினார். மீட்டர் சமனச்சுற்று ஆய்வுக்கு, ஒரு கம்பியைத் தம் மனம்போன நீளத்தில் வெட்டிச் சுருளாக்கி, மதிப்பு எழுதாமல் கொடுத்திருக்கிறார். ஆறு குழுக்கள் மாறி மாறி அளந்து விடைகளைக் கரும்பலகையில் எழுதின. ஐந்து நெருங்கி நின்றன. ஒன்று விலகி நின்றது. சரியான விடை எது என்று பிள்ளைகள் கேட்டபோது, தாம் அளக்கவில்லை என்றார். பிறகு அவர்களே ஒவ்வோர் இணைப்பாகத் தொட்டுப் பார்த்து, விலகிய குழுவின் மேசையில் முனைத் திருகு ஒன்று தளர்ந்திருந்ததைக் கண்டுபிடித்தனர். அக்குழு தன் பழைய அளவீட்டை அழிக்கவில்லை. அதன் கீழே திருகைப் பற்றி இரண்டு வரி எழுதி, திரும்ப அளந்த எண்ணைப் பக்கத்தில் குறித்தது. அவர் இரண்டையும் பார்த்துக் கையொப்பமிட்டார்.