"நம்ம ஆளுங்களா?"



"நீ யார்?" என்று ஒருவர் கேட்டால் என்ன சொல்வோம்? முதலில் பேரைச் சொல்வோம். அந்தப் பேரை நாமே வைத்துக்கொள்ளவில்லை. அடுத்து ஊரைச் சொல்வோம். அந்த ஊரில் பிறக்கவேண்டும் என்று யாரும் மனுப்போட்டுப் பிறக்கவில்லை. தமிழ் பேசுகிறவன் என்போம். அந்தத் தமிழை நாம் தேடிப்போகவில்லை, தாயின் மடியில் அது நம்மைத் தேடி வந்தது. பெரியவர் வந்தால் எழுந்து நிற்பது, சாவு வீட்டில் பேசும் விதம், எதற்கு வெட்கப்படுவது, எதைப் பார்த்து முகம் சுளிப்பது, இதெல்லாம்கூட யாரோ நமக்குள் வைத்ததுதான். அப்படியானால் "நான்" என்று சொல்கிறோமே, அந்த ஆளில் நான் தெரிந்துகொண்டது எவ்வளவு? மற்றவர்கள் வைத்தது எவ்வளவு?

எங்கள் வாலிபர் கூட்டத்தில் ஒரு தம்பி இதையே வேறுவிதமாகக் கேட்டார். "அண்ணே, ஜாதி எண்ணம் பாவம்னு பிரசங்கத்துல சொல்றாங்க. நானா அதைத் தேடிப் போனேன்? அந்த வீட்டுல பொறந்தேன், அது ஒட்டிக்கிச்சு. ஒட்டிக்கிட்டதுக்கு நான் எப்படி ஆண்டவர்கிட்ட கணக்குக் கொடுக்கிறது?"

நியாயமான கேள்வி. ஒரு வசனத்தைச் சொல்லி அவர் வாயை அடைத்திருக்கலாம். ஆனால் கேள்வி அவருடையது மட்டுமல்ல, நம் எல்லாருடையதும். ஆகவே பொறுமையாய் யோசித்துப் பார்ப்போம்.

காதில் ஆரம்பமாகிறது

1984-ல் ஜேனட் வெர்க்கர், ரிச்சர்ட் டீஸ் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் கனடாவில் செய்த ஆய்வின் முடிவை வெளியிட்டார்கள். இந்தியில் நம்முடைய "த", "ட" போல இரண்டு ஒலிகள் உண்டு. ஆங்கிலேய காதுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் கேட்கும். ஆனால் ஆங்கிலம் பேசும் வீட்டில் பிறந்த 6 முதல் 8 மாதக் குழந்தைகளுக்கு அந்த வித்தியாசம் தெரிந்தது! அதே வீடுகளில் 10 முதல் 12 மாதக் குழந்தைகளைச் சோதித்தபோது பெரும்பாலும் அந்தத் திறமை மறைந்துபோயிருந்தது. இந்தி பேசும் வீட்டுக் குழந்தைகளுக்கோ அது தங்கியிருந்தது.

பாருங்கள், குழந்தை ஒரு முழு வாக்கியம் பேசுவதற்கு முன்பே, எது கேட்கவேண்டும், எது கேட்கவேண்டாம் என்று வீடு முடிவு செய்துவிடுகிறது. இதில் குற்றம் ஒன்றுமில்லை. இப்படித்தான் மனுஷன் மனுஷனாகிறான்.

ஆனால் அதே ஒலியை வைத்து என்ன செய்தார்கள் என்று நியாயாதிபதிகள் 12-ம் அதிகாரத்தில் படிக்கிறோம். யோர்தான் துறையில் கீலேயாத்தார் காவல் நின்றார்கள். தப்பி ஓடிவருகிற எப்பிராயீமரைக் கண்டுபிடிக்க ஒரே ஒரு வார்த்தையைச் சொல்லச் சொன்னார்கள்: ஷிபோலேத். எப்பிராயீமர் நாவில் அது "சிபோலேத்" என்றுதான் வரும். அப்படிச் சொன்னவனை அங்கேயே வெட்டினார்கள். அந்தக் காலத்தில் விழுந்தவர்கள் 42,000 பேர். இருவரும் யோசேப்பின் வம்சம்தான், அண்ணன் தம்பி முறை! தாய் சொல்லிக்கொடுத்த உச்சரிப்பே மரண தீர்ப்பாகிவிட்டது.

"ஷ" என்பதும் பாவமல்ல, "ச" என்பதும் பாவமல்ல. அதைப் பட்டயமாக எடுத்தார்களே, அதுதான் பாவம். இன்றைக்கும் நாம் ஒருவர் பேச்சைக் கேட்டு, பேரைக் கேட்டு, "எந்தத் தெரு?" என்று கேட்டு, உள்ளே ஒரு கணக்குப் போடுகிறோம் அல்லவா? அதுவும் ஒரு யோர்தான் துறைதான்.

யாரும் நடத்தாத பாடம்

எங்கள் ஞாயிறு பள்ளியில் ஏழு வயதுப் பிள்ளை ஒன்று. சபைக்குப் புதிதாக வந்த குடும்பத்தைப் பார்த்து என்னிடம் மெல்லக் கேட்டது: "அங்கிள், அவங்க நம்ம ஆளுங்களா?" அதன் பெற்றோர் ஜெபிக்கிறவர்கள், உபவாசக் கூட்டத்தைத் தவறவிடாதவர்கள். பிள்ளையை உட்காரவைத்து ஜாதியைப் பற்றி அவர்கள் ஒருநாளும் பாடம் நடத்தியிருக்கமாட்டார்கள். ஆனால் பிள்ளை பார்த்திருக்கிறது. யார் வந்தால் வீட்டுக்குள் டிபன், யார் வந்தால் வாசலில் பேச்சு, யார் பேரைச் சொல்லும்போது அம்மாவின் குரல் தாழ்கிறது, இதையெல்லாம் பார்த்திருக்கிறது. நாம் சொல்லிக்கொடுப்பதைவிட, சொல்லாமல் கொடுப்பதைப் பிள்ளைகள் வேகமாய்ப் பிடித்துக்கொள்கிறார்கள்.

அமெரிக்காவில் கென்னத் கிளார்க், மாமி கிளார்க் என்ற கறுப்பினத் தம்பதியர் இதை வேதனையோடு நிரூபித்தார்கள். 1947-ல் வெளியான அவர்களுடைய ஆய்வில், 3 முதல் 7 வயதுவரையுள்ள 253 கறுப்பினப் பிள்ளைகள் முன் பொம்மைகளை வைத்தார்கள். பொம்மைகளெல்லாம் ஒரே மாதிரி, நிறம் மட்டும் வேறு. "நல்ல பொம்மை எது?" என்றால் அதிகம் பேர் வெள்ளைப் பொம்மையைக் காட்டினார்கள். "பார்க்க மோசமான பொம்மை எது?" என்றால் பழுப்பு நிறப் பொம்மையைக் காட்டினார்கள். கடைசியில், "உன்னைப்போல இருப்பது எது?" என்று கேட்டார்கள். சில பிள்ளைகள் அழுதார்கள். சிலர் அறையைவிட்டே ஓடினார்கள். கறுப்பு வெள்ளைப் பிள்ளைகளைத் தனித்தனிப் பள்ளிகளில் பிரிப்பது செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1954-ல் தீர்ப்புச் சொன்னபோது, கிளார்க்கின் ஆய்வையும் குறிப்பிட்டது.

சமுதாயம் சொன்ன பொய்யை மூன்று வயதுப் பிள்ளை தன்னைப் பற்றிய உண்மை என்று நம்பிவிட்டதே! நம் வீடுகளில் என்ன பேசுகிறோம்? "கறுப்பா இருந்தாலும் களையா இருக்கா." அந்த "இருந்தாலும்" என்ற ஒரு வார்த்தை போதும். பெண்பிள்ளை அதைக் கேட்டுக்கொண்டே வளர்கிறாள். தேவன் அவளைத் தம்முடைய சாயலில் படைத்தார் என்று ஞாயிற்றுக்கிழமை சொல்கிறோம், திங்கள் முதல் சனிவரை வேறு கதை சொல்கிறோம்.

எல்லாவற்றையும் துடைத்துவிடலாமா?

"அப்போ பழைய கலாசாரமே வேண்டாம், வேரோடு பிடுங்கிவிடலாம்" என்று சில விசுவாசிகள் சொல்வதுண்டு. அந்த வழியில் போனவர்கள் கதையையும் கேளுங்கள்.

கனடாவில் 1880-களிலிருந்து அரசாங்கம் பணம் கொடுக்க, சபைகள் உறைவிடப் பள்ளிகளை நடத்தின. 1,50,000-க்கும் அதிகமான பூர்வீகக் குடிப் பிள்ளைகள் அவற்றில் சேர்க்கப்பட்டார்கள், பலர் பெற்றோரிடமிருந்து வலுக்கட்டாயமாகப் பிரிக்கப்பட்டார்கள். முடியை வெட்டினார்கள். தாய்மொழி பேசினால் தண்டித்தார்கள். பல பள்ளிகளில் பேருக்குப் பதிலாக எண் கொடுத்தார்கள். 3,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகள் இறந்ததாக 2015-ல் வெளிவந்த விசாரணைக் குழுவின் அறிக்கை கூறியது. கடைசிப் பள்ளிகள் மூடப்பட்டது 1990-களில்தான். 2008-ல் அந்நாட்டுப் பிரதமர் பாராளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார், 2022-ல் போப் பிரான்சிஸ் கனடாவுக்கே போய் மன்னிப்புக் கேட்டார். உயிரோடு திரும்பின பிள்ளைகளில் எத்தனையோ பேர் தாயோடு பேச மொழியில்லாமல் வீட்டு வாசலில் நின்றார்கள். இவ்வளவும் கிறிஸ்துவின் பேரால் நடந்தது, பிரியமானவர்களே. வாசிக்கும்போது நெஞ்சு பதறுகிறது.

பாபிலோனிலும் இதே முறைதான். தானியேலுக்கும் அவன் தோழர்களுக்கும் பேரை மாற்றினார்கள், மூன்று வருஷம் கல்தேயரின் எழுத்தையும் பாஷையையும் கற்பித்தார்கள். தானியேல் என்ன செய்தான்? பாஷையைக் கற்றான், உத்தியோகமும் பார்த்தான். பெல்தெஷாத்சார் என்று கூப்பிட்டதற்காகச் சண்டை போடவில்லை. ஆனால் ராஜாவின் போஜனத்தில் ஒரு கோடு கிழித்தான். வயதான பிறகும் எருசலேமுக்கு நேராக ஜன்னலைத் திறந்துவைத்து ஜெபித்தான். எதை ஏற்கலாம், எதை விடக்கூடாது என்று பிரித்துப்பார்க்கும் ஞானம் அவனுக்கு இருந்தது. நமக்கும் வேண்டியது அதுதான். தமிழும், தாலாட்டும், விருந்தாளிக்கு முதல் இலை போடுகிற பழக்கமும் தேவனுக்கு விரோதமானவை அல்ல. இன்னொரு மனுஷனைத் தாழ்த்துகிறது எதுவோ, அங்கேதான் கோடு கிழிக்கவேண்டும்.

பேதுருவையும் விடவில்லை

"நான் இரட்சிக்கப்பட்டேன், அபிஷேகம் பெற்றேன், பழசெல்லாம் போயிடுச்சு" என்கிறோம். சந்தோஷம்! ஆனால் பேதுருவைப் பாருங்கள். பெந்தெகொஸ்தே நாளில் நின்று பிரசங்கித்தவர். யோப்பாவில் தோல் பதனிடுகிறவன் வீட்டில் தங்கினவர். தீட்டு என்று எதையும் ஒதுக்காதே என்று மூன்று தரம் தரிசனத்தில் கேட்டவர். கொர்நேலியுவின் வீட்டுக்குள் போனவர். அப்படிப்பட்டவர் அந்தியோகியாவில் புறஜாதியாரோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, எருசலேமிலிருந்து சொந்த ஜனங்கள் வந்ததும் மெல்ல எழுந்து விலகிக்கொண்டார்! பர்னபாவும் இழுக்கப்பட்டுப்போனார். பவுல் எல்லாருக்கும் முன்பாகக் கடிந்துகொள்ளவேண்டியதாயிற்று (கலாத்தியர் 2).

பேதுருவின் உபதேசம் மாறிவிட்டது. ஆனால் "நம்ம ஆளுங்க என்ன நினைப்பாங்களோ" என்ற பயம் அவரை இலையை விட்டு எழுப்பிவிட்டது. சின்ன வயதில் பந்தியில் உட்கார்ந்து பழகினது அவ்வளவு ஆழமாய் உள்ளே இறங்கியிருக்கிறது.

நம் தமிழ் சபைகளின் சரித்திரமும் இதுதானே. 1833-ல் பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் ஜாதி வித்தியாசம் கூடாது என்று கடிதம் அனுப்பினபோது, பலர் ஜாதியை விடுவதற்குப் பதிலாகச் சபையையே விட்டுவிட்டுப் போனார்கள். ஏறக்குறைய இருநூறு வருஷமாகிறது. இன்றைக்குப் பத்திரிகையிலும் திருமண இணையதளங்களிலும் என்ன பார்க்கிறோம்? "இரட்சிக்கப்பட்ட, அபிஷேகம் பெற்ற மணமகள் தேவை" என்று எழுதி, பக்கத்திலேயே ஜாதியையும் எழுதுகிறார்கள். அந்நியபாஷை வந்துவிட்டது, ஷிபோலேத் மட்டும் போகவில்லை!

தம்பிக்குப் பதில்

இப்போது அந்தத் தம்பியின் கேள்விக்கு வருகிறேன். அப்பா கட்டின வீட்டில் ஒரு படி உடைந்திருக்கிறது. உடைத்தது நீ அல்ல. ஆனால் உடைந்திருக்கிறது என்று உனக்குத் தெரிந்த நாளிலிருந்து, அதில் யாராவது தடுக்கி விழுந்தால் நீ பதில் சொல்லவேண்டும். வாங்கினதற்கு அல்ல தம்பி, தெரிந்தும் வைத்திருப்பதற்குத்தான் கணக்கு. அதை அப்படியே உன் பிள்ளையின் கையில் கொடுத்தால், அதற்கு இன்னும் பெரிய கணக்கு.

எப்படிச் சரிசெய்வது? வந்த வழியாகத்தான் அனுப்பவேண்டும். பிரசங்கம் கேட்டு அது உள்ளே வரவில்லை. சாப்பாட்டில், பேச்சில், பார்வையில் வந்தது. ஆகவே ஒரு நாள் அர்ப்பணிப்பு ஜெபத்தில் கண்ணீர் விட்டதோடு முடிந்தது என்று எண்ணாதிருங்கள். பரிசுத்த ஆவியானவர் இருதயத்தை உடைப்பார். அதன்பிறகு கால்களை நாம்தான் எடுத்துவைக்கவேண்டும். இதுவரை உங்கள் வீட்டில் சாப்பிடாத ஒரு சபைக் குடும்பத்தை இந்த வாரம் அழையுங்கள். அதைவிடக் கடினமானது, அவர்கள் வீட்டுக்குப் போய் வயிறார சாப்பிடுங்கள். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவர்கள் பார்க்கட்டும்! பெண் கொடுக்கிற, பெண் எடுக்கிற வேளை வரும்போது, பவுல் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

நம் சபையில் வளர்கிற ஒவ்வொரு பிள்ளையும் "நான் யார்?" என்பதை நம்முடைய முகத்தைப் பார்த்துத்தான் படித்துக்கொண்டிருக்கிறது. அந்தப் பாடத்தில் பொய் இல்லாதிருக்க கர்த்தர் தாமே நமக்குக் கிருபை தருவாராக. ஆமென்.