துரத்தி வந்த அம்மை

ஓசூர் சந்திரசூடேசுவரர் மலையின் தலபுராணத்தில் இறைவனைத் தேடி முதலில் வந்தவள் அம்பிகையே. உடும்பாக உருமாறி ஓடிய சிவனைப் பின்தொடர்ந்து வந்த பார்வதி, மரகதாம்பாளாக இங்கேயே அமர்ந்தாள். அருள் எளிதில் பிடிகொடுக்காது, அதன் பின்னாலேயே ஏறிப் போக வேண்டும் என்றுதான் இந்தக் கதையை நான் புரிந்துகொள்கிறேன்.

உச்சி வரை வண்டிப்பாதை இருக்கிறது. ஆனாலும் சிப்காட் தொழிற்பேட்டையில் ஷிப்ட் முடித்து வரும் கால்கள் ஒருநாளாவது படியேறட்டும். மேல்மூச்சு வாங்கும்போது, பகலெல்லாம் காதில் இரைந்த இயந்திரச் சத்தம் மனசை விட்டு இறங்கும்.

மார்ச்சில் தேர் ஓடும்போது தமிழ், கன்னடம், தெலுங்கு பேசும் கைகள் ஒரே வடத்தைப் பிடிக்கின்றன. கர்நாடகத்திலிருந்து அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டி வரும் குடும்பங்களுக்கும் அது சொந்த ஊர்த் திருவிழாதான்.