பேசுபொருளின் வேலி

சனிக்கோளின் வளையங்களைத் தொலைநோக்கியில் முதன்முறையாகக் காண்பவர் சற்று நேரம் பேச்சற்றுப் போவார். பிறகு கேள்விகள் பிறக்கும். திருவொற்றியூர்க் கடற்கரையில் விண்ணார்வலர் பத்துப் பேர் ஒரு மாலையில் கூடியிருப்பதாக வைத்துக்கொள்வோம். வளையங்கள் எதனால் ஆனவை என்கிறார் ஒருவர். பெரும்பாலும் பனிக்கட்டித் துண்டுகளால் என்று விடை வருகிறது. சனிப்பெயர்ச்சியால் தம் மகளின் திருமணம் தள்ளிப்போகுமா என்று கேட்கிறார் அடுத்தவர். மூன்றாமவர் பெத்லகேம் விண்மீனைப் பற்றித் தொடங்குகிறார். நான்காமவர் விண்கலம் ஏவும் செலவைச் சாடி, அப்படியே ஆளுங்கட்சிக்குத் தாவுகிறார். கூட்டத்தை நடத்துபவர் கைகூப்பி, "ஐயா, இன்று வானத்தில் தெரிவதை மட்டும் பேசுவோமே" என்கிறார்.

அவர் செய்தது முறையா? ஒருவரின் நெஞ்சில் கனக்கும் கேள்வியை, 'இதற்கு இது இடமல்ல' என்று ஒதுக்க இன்னொருவருக்கு என்ன உரிமை? பொழுதுபோக்குக் குழுவொன்றின் சிறு சச்சரவாக இது தோன்றலாம். ஆயினும் மனிதர் கூடிப் பேசும் இடமெங்கும் இக்கேள்வி எழுகிறது.

புனித தாமஸ் அக்குவினாஸ் தம் 'இறையியல் சுருக்கம்' என்னும் நூலின் முதற்பகுதியிலேயே இதற்கொரு திறவுகோல் தருகிறார். பூமி உருண்டை என்னும் ஒரே முடிவை வானியலாரும் நிறுவுவர், இயற்கை நூலாரும் நிறுவுவர். முன்னவர் கணிதத்தின் வழியே நிறுவ, பின்னவர் பருப்பொருளின் இயல்பைக் கொண்டு நிறுவுகிறார். பொருள் ஒன்றாயினும் நோக்கும் முறை வேறாகையால் இயல்களும் வேறாகின்றன என்கிறார் அவர். சனிக்கோளும் அவ்வாறே. அது கதிரவனைச் சுற்றிவர ஏறத்தாழ 29½ ஆண்டுகள் ஆகும் என்பது வானியலாரின் செய்தி. ஓர் இராசியில் அது இரண்டரை ஆண்டு தங்குகிறது என்பதைச் சோதிடரும் ஏற்பார். ஆனால் ஒருவர் கேட்பது 'எங்கே இருக்கிறது' என்று. மற்றவர் கேட்பது 'எனக்கு என்ன ஆகும்' என்று. இரண்டையும் ஒரே மூச்சில் பேசினால் இரண்டுக்கும் விடை கிடைக்காது.

இதை வரலாறும் கற்றிருக்கிறது. 1649இல் மன்னன் தலையையே கொய்த உள்நாட்டுப் போரின் வடு ஆறாத இங்கிலாந்தில், 1660இல் ராயல் சொசைட்டி என்னும் அறிவியல் கழகம் தோன்றியது. சமயத்தாலும் அரசியலாலும் பிளவுபட்டிருந்தவர்கள் அங்கே ஒரே மேசையில் அமர வேண்டியிருந்தது. ஆகவே அவ்விரண்டையும் தம் கூட்டங்களில் பேசுவதில்லை என்று ஒழுகினர். அந்த வேலி பகைவரையும் அருகருகே அமர்த்தியது.

நம் நகரிலும் ஒரு முன்னோடி உண்டு. நுங்கம்பாக்கத்தில் இயங்கிய சென்னை வானாய்வகத்தில் பணியாற்றியவர் சிந்தாமணி இரகுநாதாச்சாரி. 1867இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தவர். 1874 டிசம்பரில் வெள்ளிக்கோள் கதிரவனைக் கடந்தபோது, அதை விளக்கிப் பொதுமக்களுக்காகச் சிறுநூல் எழுதியவர். திருக்கணித முறையில் பஞ்சாங்கமும் வெளியிட்டவர். நாளும் கோளும் பார்க்கும் மக்களை அவர் இகழவில்லை. அவர்களுக்கும் சரியான கணக்கைத் தந்தார். வானாய்வகப் பதிவேட்டுக்கு உரியது கண்டதும் அளந்ததுமே. பலன் பார்ப்பது பஞ்சாங்கம் வாங்கியவரின் வீட்டில் நடந்தது.

கத்தோலிக்கராகிய நமக்கு இன்னும் நெருக்கமான சான்று ஒன்று உண்டு. பேரண்டம் விரிவடைகிறது என்பதை 1927இல் கணித்துக் காட்டியவர் பெல்ஜிய நாட்டுக் குருவானவர் ஜார்ஜ் லெமெத்ரு. 1951 நவம்பரில் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர், அறிவியலின் இப்புதிய கண்டுபிடிப்புகள் படைப்பின் தொடக்கத்துக்குச் சான்று பகர்வதாக உரையாற்றினார். உலகெங்கும் விசுவாசிகள் மகிழ்ந்தனர். மகிழாதவர் லெமெத்ருதான். தம் கோட்பாடு சமயத்துக்கு அப்பாற்பட்டது என்பதே அவர் நிலை. தம் கவலையை அவர் உரோமையில் தெரிவித்தார். 1952 செப்டம்பரில் பன்னாட்டு வானியலார் உரோமையில் கூடியபோது, திருத்தந்தை அவ்விணைப்பைத் தம் உரையில் எடுக்கவில்லை. அந்த அவையில் இறைநம்பிக்கை இல்லாதவரும் அமர்ந்திருந்தனர். அவர்களோடு நேர்மையாக உரையாட, தமக்கு மிகவும் அருமையானதையே வெளியே நிறுத்தினார் அந்தக் குரு. தாம் ஒப்புக்கொடுத்த திருப்பலியில் அவர் படைத்தவரைப் புகழாமலா இருந்தார்? பேசுபொருளின் எல்லையை வற்புறுத்துபவர் முதலில் தம் விருப்பத்துக்கே அதைப் போடவேண்டும் என்பதை அவரிடம் கற்கலாம். பிறர் சோதிடத்தைத் தடுத்துவிட்டுத் தம் சமயத்துக்கு மட்டும் வாயில் திறப்பவர் வேலி காப்பவர் அல்லர்.

ஆயினும் ஓர் ஆபத்து உண்டு. அதே கடற்கரைக் கூட்டத்தில் எண்ணூர் இளைஞன் ஒருவன், "எங்கள் ஊரில் பால்வீதி ஏன் தெரிவதில்லை?" என்று கேட்கிறான். துறைமுக விளக்குகளின் ஒளி, மணலி ஆலைகளின் எரிசுடர், அனல் மின் நிலையங்களின் புகை, காற்றில் மிதக்கும் தூசியில் பட்டுச் சிதறும் வெளிச்சம் என்று விடை நீளும். உடனே ஒருவர், "இங்கே அரசியல் வேண்டாம்" என்கிறார். இது அநீதி. வானத்தை மறைப்பது எது என்பது வானியலின் கேள்வியே. சிலருக்குச் சங்கடம் தருகிறது என்பதால் ஒரு பேச்சு தலைப்புக்குப் புறம்பாகிவிடாது. காணவந்ததைக் காண இப்பேச்சு உதவுகிறதா என்பதே அளவுகோல். வலியோர் தம் வசதிக்காக எளியோரின் வாயை அடைக்கவும் ஒழுங்கு என்னும் சொல் பயன்பட்டிருக்கிறது.

அவ்விளைஞன் மேலும் தொடரலாம். 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்ததையும், அதே மாதம் 26ஆம் நாள் இரவு அம்மோனியா கசிந்து மக்கள் வீடுகளைவிட்டு ஓடியதையும், இழப்பீட்டையும் பற்றிப் பேசலாம். இவை தொலைநோக்கியின் அருகில் பேசித் தீர்பவை அல்ல என்று நடத்துபவர் சொல்வது சரியே. ஆனால் அப்படிச் சொன்னவருக்கு ஒரு கடன் ஏற்பட்டுவிடுகிறது. மகளின் திருமணத்துக்காகக் கலங்கிய தந்தையோடு கூட்டம் கலைந்தபின் கால்மணி நேரம் அமர வேண்டும். மீனவரின் குறையைப் பேசவென்றே கூடும் அவைக்கு மறுநாள் செல்ல வேண்டும். அங்கே விண்மீன்களைப் பற்றிப் பேசாமல், சொல்வதைக் கேட்டிருக்க வேண்டும். 'இங்கே வேண்டாம்' என்று சொல்லும் உரிமை, 'அங்கே வருகிறேன்' என்று சொல்பவருக்கே உண்டு.