முகத்துக்கு ஒரு கவசம்

பொன்னேரியிலிருந்து சென்னைக்கு மின்சார ரயிலில் வருகிறவர்கள் திருவொற்றியூரைத் தாண்டித்தான் வரவேண்டும். அங்கே தியாகராஜ சுவாமி கோயிலில் ஆதிபுரீஸ்வரரைத் தரிசித்திருக்கிறீர்களா, சகோதரிகளே? புற்று மண்ணாலான சுயம்பு லிங்கம். ஆண்டு முழுவதும் கவசத்துக்குள்தான் இருப்பார். கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாட்கள் மட்டும் கவசம் களைந்து, புனுகும் சாம்பிராணித் தைலமும் சாத்துவார்கள்.

ஈசனை யாராவது அடைத்து வைக்க முடியுமா? மென்மையானதைப் பத்திரமாகப் பாதுகாக்கத்தானே கவசம்!

இதை ஏன் சொல்கிறேன் தெரியுமா?

பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பத்தில் ஒரு தாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாயில் ஓலைப் பறியைக் கவ்விக்கொண்டு, ஏரித் தண்ணீரில் இறங்கி, கையால் தடவியே இறால் பிடித்துப் பழகியவள். திறந்த வானமும் உப்புக் காற்றும்தான் அவள் உலகம். அவளுக்குத் தொண்டையில் கட்டி. கதிர்வீச்சு சிகிச்சைக்காகப் படுக்க வைத்து, முகத்தின் மேல் ஒரு முகமூடியை அழுத்திப் பூட்டுகிறார்கள். நெஞ்சு படபடக்கிறது. “எடுத்துடுங்கய்யா, இந்த வைத்தியமே எனக்கு வேணாம்” என்று எழுந்துவிடுகிறாள். வீட்டுக்கு வந்து, “தினம் விளக்கேத்துற எனக்கே இவ்வளவு பயமா?” என்று மறுகுகிறாள்.

பயம் பக்திக் குறைவு அல்ல, சகோதரிகளே. அடைபட்ட இடத்தில் மூச்சு முட்டுவதுபோல் தோன்றுவது பலருக்கும் உள்ளதுதான். அதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை.

அந்த முகமூடி எதற்கு? வெந்நீரில் இளக்கிய ஒருவகை பிளாஸ்டிக் வலையை முகத்தில் படிய வைப்பார்கள். வெதுவெதுவென்று இருக்கும், சில நிமிடங்களில் ஆறி இறுகிவிடும். வலை முழுக்கத் துளைகள். மூச்சு தாராளமாக வரும். தலை இம்மியும் அசையாமல் இருந்தால்தான் கதிர் கட்டியின்மேல் சரியாக விழும். கண், மூளை, தண்டுவடம், உமிழ்நீர்ச் சுரப்பி எல்லாம் கூடியவரை தப்பிக்கும். அப்படியானால் அது பூட்டா, கவசமா? நீங்களே சொல்லுங்கள்.

பயத்தை மனசுக்குள் வைத்துப் பூட்டாதீர்கள். முதல் நாளே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். கண், வாய்ப் பக்கத்தில் வலையை வெட்டித் திறந்துவிட முடியுமா என்று கேளுங்கள். தேவைப்பட்டால் படபடப்பைத் தணிக்க மாத்திரை தருவார்கள். அறையில் நீங்கள் தனியாக இருந்தாலும், வெளியிலிருந்து கேமராவில் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். முடியவில்லை என்றால் கையைத் தூக்கினால் போதும். இயந்திரத்தை நிறுத்திவிட்டு உள்ளே வருவார்கள். இதையும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் ஒரு பயிற்சி. மல்லாந்து படுத்து, மெல்லிய ஈரத்துணியை முகத்தில் லேசாகப் போட்டுக்கொண்டு, நிதானமாக மூச்சு விடுங்கள். முதலில் அரை நிமிடம், பிறகு ஒன்று, இரண்டு என்று கூட்டுங்கள். மூச்சு உள்ளே போகும்போது ‘சிவ’, வெளியே வரும்போது ‘சிவ’. கந்தசஷ்டி கவசம் மனப்பாடமாகத் தெரியுமா? சிகிச்சையின்போது உதடு அசையாமல் மனசுக்குள் சொல்லுங்கள். கவசத்தைச் சொல்ல ஏறக்குறைய 20 நிமிடம் ஆகும். பல நாட்களில் கவசம் முடிவதற்குள் சிகிச்சையே முடிந்துவிடும்!

தலை, கழுத்துப் பகுதிக்கு வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் ஆறேழு வாரம்கூட இந்தச் சிகிச்சை நீளும். நடுவில் விட்டால் பலன் குறையும். உடன்பிறந்த சகோதரியைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, அந்தத் துக்கத்தோடு உட்கார்ந்துவிடவில்லை. அவருடைய விடாமுயற்சியால்தான் 1954-ல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை பிறந்தது. அப்படிக் கிடைத்த வைத்தியத்தைப் பயத்துக்காகப் பாதியில் விடலாமா?

அந்தப் பழவேற்காட்டுத் தாயிடம் நான் சொல்வது இதுதான்: “அம்மா, வாயில் பறியைக் கவ்விக்கொண்டு, மூக்கால் மட்டுமே மூச்சுவிட்டு எத்தனை நாள் உழைத்திருக்கிறாய்! உன் மூச்சு உனக்குத் துணை நிற்கும். கூடவே ஒற்றியூரான் இருக்கிறான்.”

கார்த்திகையில் ஈசனுக்குக் கவசம் களைகிற மாதிரி, கடைசி நாளில் உங்கள் கவசமும் கழலும். ஊருக்குத் திரும்பும் வழியில் திருவொற்றியூரில் இறங்கி, ஒரு விளக்கு ஏற்றிவிட்டுப் போங்கள். நல்லதே நடக்கும்!