முகத்தட்டில் உள்ள பெயர்

செய்யப்பட்ட பொருள் தன்னைச் செய்தவனைக் காட்டுமா, காட்டுமாயின் எவ்வளவு தூரம் காட்டும் என்பது இந்தியத் தத்துவ மரபில் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் நடந்துவந்த வழக்காகும். குடத்தைக் கண்டவர் குயவனை உணர்வதுபோல உலகைக் கண்டவர் இறைவனை உணரலாம் என்று நியாய மரபினர் வாதிட்டனர். உதயணரின் நியாயகுசுமாஞ்சலி அவ்வாதத்தின் உச்சம். தமிழகத்தில் 13ஆம் நூற்றாண்டின் மெய்கண்டார் அருளிய சிவஞானபோதத்தின் 12 நூற்பாக்களில் முதலாவது, உலகுக்கு ஒரு முதல்வன் உண்டு என நிறுவ எழுந்ததே. சைவ சித்தாந்தம் காரணத்தை மூன்றாகப் பகுத்து, குடத்துக்கு மண் முதற்காரணம், தண்டும் சக்கரமும் துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம் என்றும், அவ்வாறே உலகுக்கு மாயையும் சத்தியும் சிவனும் என்றும் கூறும். இங்கிலாந்தில் வில்லியம் பேலி என்ற பாதிரியார் 1802இல் குடத்துக்குப் பதிலாகச் சட்டைப்பைக் கடிகாரத்தை எடுத்துக்காட்டாக்கினார். கடிகாரத் தொழிலை அருகிருந்து பார்த்தவராயின் அவர் சற்றுத் தயங்கியிருப்பார்.

திண்டுக்கல்லை அடுத்த ஆத்தூரில் ஒரு பழைய வீட்டுக் கூடத்தில் ஆளுயரப் பெண்டுலம் கடிகாரம் ஒன்று தலைமுறைகளாக நிற்குமாயின், அதைச் செய்தவர் யார் என்று தேடுவோர் முதலில் படிப்பது எண்கள் எழுதிய முகத்தட்டைத்தான். ஏமாறுவதும் பெரும்பாலும் அங்கேதான். அங்குள்ள பெயர் பல வேளைகளில் விற்றவருடையது. 1849இல் சென்னையில் தோன்றிய பி.ஆர் அண்ட் சன்ஸ் போன்ற கடைகளின் காலத்தில், வெளிநாட்டுப் பட்டறையில் உருவான இயந்திரம் கடைக்காரரின் பெயரைத் தாங்கி விற்பனைக்கு வருவது உலகெங்கும் இருந்த வணிக வழக்கம். இங்கிலாந்திலேயே 1770களிலிருந்து பர்மிங்காமில் வண்ணம் தீட்டிய முகத்தட்டு தனித்தொழிலாயிற்று; சிற்றூர்க் கடிகாரக்காரர் தட்டை அங்கிருந்து வாங்கி, பெட்டியைத் தச்சரிடம் செய்வித்து, தம் பெயரை எழுதிக்கொண்டார். உண்மையான தடயம் முகத்தட்டைக் கழற்றி, இயந்திரத்தின் பின்தகட்டைப் பார்த்தால் கிடைக்கும். எட்டு முனை நட்சத்திரம் இருந்தால் ஜெர்மனியின் ஷ்ராம்பெர்க் ஊரிலிருந்த யுங்ஹன்ஸ் ஆலை. நங்கூரமும் வரிசை எண்ணும் இருந்தால் சைலீசியாவின் குஸ்தாவ் பெக்கர் ஆலை. 1887இல் பிரிட்டனும் 1889இல் இந்தியாவும் வணிகக்குறிச் சட்டங்களை இயற்றிய பின்னரே, உற்பத்தி நாட்டின் பெயரைப் பொறிப்பது பரவியமையால், அத்தகைய எழுத்து காலத்தையும் ஓரளவு சொல்லிவிடும். ஆயினும் நட்சத்திரமும் நங்கூரமும் இயந்திரத்துக்கு மட்டுமே சான்று. பெட்டியின் தேக்கைச் செதுக்கியவர் வேறொருவராகவும், அவர் பெயர் எங்குமே இல்லாதவராகவும் இருக்கலாம்.

இங்கேதான் இராமானுசரின் வாதம் நினைவுக்கு வருகிறது. வைணவ ஆசாரியராகிய அவர், இறைவன் உண்டு என்பதில் சிறிதும் ஐயமற்றவராயினும், ஸ்ரீபாஷ்யத்தில் நியாய மரபினரின் இந்த ஊகத்தை ஏற்க மறுத்தார். மாளிகை போன்ற பெரிய ஆக்கங்கள் பலர் கையால், பல காலத்தில் உருவாகின்றன; ஆகவே உலகம் ஆக்கப்பட்டது என்று ஒப்பினாலும், ஆக்கியவன் ஒருவனே என்பது அதனால் பெறப்படாது. கருதலளவை, அதாவது கண்டதைக் கொண்டு காணாததை ஊகிப்பது, யாரோ செய்தனர் என்பதோடு நின்றுவிடும். இன்னார் என்பதைச் சொல்ல உரையளவை, அதாவது நம்பத்தக்க சொல், வேண்டும். அவருக்கு அச்சொல் வேதம். கடிகாரம் தேடுவோருக்கு அது பின்தகட்டின் பொறிப்பு.

கருதலளவைக்கு வேறொரு வரம்பும் உண்டு. புகையும் நெருப்பும் சேர்ந்திருப்பதை முன்பே கண்டவரே புகையிலிருந்து நெருப்பை ஊகிக்க முடியும். இச்சேர்க்கையை வியாப்தி என்பர். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டைக் கையில் எடுத்ததும் ஊர்ப் பட்டறையை ஊகிப்பவர், பூட்டுச் செய்வதைப் பார்த்தோ கேட்டோ அறிந்தவர். உலகம் செய்யப்படுவதைப் பார்த்தவர் எவருமிலர் என்பதே 1779இல் வெளியான டேவிட் ஹியூமின் உரையாடல் நூலும் எழுப்பிய தடை.

இத்தடைகள் மெய்கண்டாரை முழுதும் தாக்குவன அல்ல. எதில் ஒடுங்குகிறதோ அதிலிருந்தே மீளத் தோன்றும் என்பதால், ஒடுக்குபவனாகிய சங்காரக் கடவுளே முதல்வன் என்பது அவர் நிலை. செய்தவர் எத்தனை பேர் என்று எண்ணும் வேலை அங்கே இல்லை. பழுதான கடிகாரம் தன்னைச் செய்தவரிடம் ஒடுங்குவதில்லை, பழைய இரும்புக்கடைக்கே போகிறது. ஆகவே அந்த எடுத்துக்காட்டு அவருக்குத் தேவைப்படவுமில்லை, உதவவுமில்லை. பேலியின் வாதத்துக்குத்தான் அது முழு ஆதாரம், அதுவே முழு இழப்பும்.

இத்தகைய கடிகாரத்தை வைத்திருப்போர், பழுது பார்க்கக் கொடுக்கும்முன் பின்தகட்டிலுள்ள குறியையும் எண்ணையும் எழுத்து பிசகாமல் படியெடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். பித்தளையைப் பளபளப்பாக்கும் ஆர்வத்தில் தேய்ந்துபோனால் அந்தச் சாட்சி மீண்டும் கிடைக்காது.